மாகாளிக்கிழங்கை வயலுக்குக் கொண்டுவருவோம்

மாகாளி ஊறுகாயைச் சாப்பிட்டுப் பார்க்காதவர்கள் வேலூர் பக்கம் இருக்கலாம், நன்னாரி சர்பத் குடிக்காதவர்கள் இருக்க மாட்டார்கள். வேர் வியாபாரத்தில் நன்னாரிக்குப் பதிலாக மாகாளிக்கிழங்கும் போகிறது. வாசனை அப்படி. வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினுக்கு நெருங்கிய ஒரு பொருள்தான் இந்தக் கிழங்கிலும் மணக்கிறது. ஊறுகாய், சர்பத், மருந்து என்று மூன்று பக்கமும் தேவை இருக்கிறது. ஆனால் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி இன்னும் காட்டில் தோண்டியதுதான். மூலிகைச் சாகுபடிக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பதால் இது எனக்குப் பெரிய கவலை.

தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் தானாக வளராத கொடி இது. ஜவ்வாது மலை போன்ற வறண்ட மலைகளில் பாறை இடுக்குகளில் வேரோடி நிற்கும். ஒடித்தால் பால் வரும். கொடியைப் பிடித்து அடித்தூரைக் கண்டுபிடித்து, கடப்பாரையால் கல்லைப் பெயர்த்து, கிழங்கு போகும் திசையெல்லாம் பறிக்கிறார்கள். கடைசியில் அங்கே ஒரு குழிதான் மிச்சம். இலையையோ காயையோ பறித்தால் செடி பிழைக்கும். இதில் விற்கிற பொருளே செடியின் உயிர். விதை விழுவதற்கு முன்னால் தோண்டிவிட்டால் அடுத்த தலைமுறையும் போச்சு. அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதைப் பட்டியலிட்டிருப்பதில் ஆச்சரியமில்லை.

மலைவாழ் மக்கள் மேல் பழியைப் போடுவது நியாயமில்லை. சிறு வன விளைபொருள் சேகரிக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்குத் தந்திருக்கிறது. கிழங்குக்குக் கிடைக்கும் விலையில் பெரும்பங்கு இடைத்தரகருக்குப் போவதால்தான், இருப்பதையெல்லாம் தோண்டினால்தான் கைக்குக் கொஞ்சமாவது நிற்கும் என்ற நிலைமை. அவர்களே தங்கள் பட்டா நிலத்தில் வளர்த்து, அவர்களே விற்பதுதான் சரியான வழி.

வளர்க்க முடியுமா என்றால் முடியும், பொறுமை வேண்டும். காய்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். பழுப்பேறியதும் வெடித்து, பஞ்சு முளைத்த விதைகள் காற்றில் பறந்துவிடும். அதனால் வெடிப்பதற்கு முன்பே மெல்லிய துணிப்பையைக் காய்மேல் கட்டிவிடுங்கள். எடுத்த விதையைப் பத்திரப்படுத்த நினைக்காதீர்கள், முளைப்புத்திறன் சீக்கிரம் குறைந்துவிடும். பஞ்சை நீக்கி, மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்த பையில் உடனே ஊன்றுங்கள். தண்டை வெட்டி நட்டால் வேர் பிடிப்பது சிரமம். நாற்றுதான் நம்பகமானது.

“தண்ணி எவ்ளோ விடணும்?” என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தண்ணீர் விடுவதைவிட வடிவதைப் பாருங்கள் என்பேன். நம் பக்கத்துச் செம்மண் சரளை நிலம் இதற்கு நல்ல இடம். களிமண்ணில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். தனி வயல் ஒதுக்கவும் வேண்டாம். மாந்தோப்பின் வேலியோரம் மேட்டுப்பாத்தி போட்டு வேலியிலேயே ஏற்றிவிடலாம்.

இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அறுவடை. அப்போதும் முழுச் செடியைப் பிடுங்காதீர்கள். தூரின் ஒரு பக்கத்தை மட்டும் பறித்து, தடித்த கிழங்குகளை வெட்டியெடுத்து, மறுபக்கத்தையும் அடித்தூரையும் அசைக்காமல் மண்ணை மூடிவிடுங்கள். மழைக்காலத்தில் தோண்டுவதைத் தவிர்த்தால் வெட்டிய இடம் அழுகாமல் ஆறும்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊறுகாய்க்குத் தோலைச் சீவி, நடுவில் ஓடும் கட்டையான நரம்பை எடுத்துவிட்டுத்தானே நறுக்குகிறோம்? பென்சில் பருமன் கிழங்கில் நரம்பு போனால் என்ன மிஞ்சும்? அந்த மெல்லிய கிழங்கு பெரும்பாலும் வளரவே விடாமல் தோண்டிய இளஞ்செடியுடையது. அதை வாங்காதீர்கள். எங்கே விளைந்தது என்று கடைக்காரரைக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவரும் மண்டிக்காரரைக் கேட்பார்.

விவசாயிகள் முதலில் பத்து நாற்றுகளோடு தொடங்கலாம். நடும்போதே ஊறுகாய் போடுபவர் ஒருவரிடம் பேசி வையுங்கள், ஈரக்கிழங்கு நாள்கணக்கில் காத்திருக்காது. அந்தப் பத்தில் இரண்டு கொடிகளை விதைக்கென்று தோண்டாமல் விட்டால், அடுத்த முறை விதை தேடி மலை ஏற வேண்டியதில்லை.