பச்சையில் பின்சக்கரம் வைக்காதீர்கள்

கடலிலிருந்து இழுத்தெடுத்த வண்டி பட்டறைக்கு வந்தால், உரிமையாளர் முதலில் சொல்வது "பிரேக் பிடிக்கவில்லை" என்பதுதான். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் பிரேக் ஒழுங்காகவே இருக்கும். அது சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சக்கரத்துக்குத்தான் தரை பிடிபடவில்லை.

ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையோரச் சிற்றூர் ஒன்றில் பட்டறை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை விடிந்தால் போதும், படகு ஏற்றிய டிரெய்லர்கள் வரிசை கட்டும். நீருக்குள் இறங்கும் கான்கிரீட் சரிவில் வண்டியைப் பின்னோக்கி இறக்கிப் படகை மிதக்க விடுவார்கள். 'ராம்ப்' என்பது அதற்கு இங்கே பெயர். நூறடிக்கு 12 முதல் 15 அடி தாழ்வது வழக்கமான அளவு. காய்ந்த கான்கிரீட்டில் நல்ல டயருக்கு இது பொருட்டே இல்லை.

சரிவின் கீழ்ப்பகுதி நாளுக்கு இருமுறை கடலில் மூழ்கி எழுகிறது. பாசி படர்வது அங்கேதான். நீர் ஏறியிருக்கும்போது பாசி அடியில் கிடக்கும், வண்டியின் சக்கரம் மேலே காய்ந்த இடத்திலேயே நின்றுவிடும். நீர் வற்றிய நேரத்தில் அதே படகை இறக்க வேண்டுமானால் வண்டி பச்சைக்குள் வந்தாக வேண்டும். நேற்றுவரை சிக்கலின்றி இறங்கிய சரிவு இன்று ஆளை விழுங்குவதற்கு இதுவே காரணம். ஊரில் குளத்துப் படியில் இறங்கும்போது கால்விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படியில் காலை வைப்போம். இரண்டு டன் வண்டிக்கு அந்த விரல் கிடையாது. அதனால் நான் வண்டியை மேலேயே நிறுத்திவிட்டு நடந்து போய், செருப்பால் தேய்த்துப் பார்த்துவிட்டு வருவேன். பின்னால் காத்திருப்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

படகு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான ஆபத்து இது என்று நினைக்க வேண்டாம். 2016 மார்ச் 20, ஞாயிறு மாலை, அயர்லாந்தின் டொனகல் பகுதியிலுள்ள பன்க்ரானாவில் ஒரு குடும்பத்தின் கார் துறைச் சரிவில் வழுக்கி, லாஃப் ஸ்வில்லி என்ற கடற்கழிக்குள் போனது. ஐந்து பேர் இறந்தார்கள். கரையில் நின்ற ஒருவர் நீந்திப் போனபோது, காரிலிருந்த தந்தை நான்கு மாதக் குழந்தையை அவர் கையில் கொடுத்தார். பிழைத்தது அந்தக் குழந்தை மட்டும். பின்னர் நடந்த மரண விசாரணையில் அந்தச் சரிவின் பாசி பற்றி விரிவாகப் பேசப்பட்டது. அந்தக் காரின் பின்னால் படகு ஏதும் இல்லை.

இனி என் தொழில் சங்கதிக்கு வருகிறேன். ஹேண்ட் பிரேக் பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். ராம்பில் பின்னோக்கி இறங்கும்போது பாசிமேல் முதலில் ஏறுபவையும் அதே பின்சக்கரங்கள்தாம். பல ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் இந்த பிரேக், பின் டிஸ்குக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஒரு சிறு டிரம். உப்புநீரும் மணலும் அதற்குள் போய் உட்கார்ந்தால் அதன் பிடி எவ்வளவு மிஞ்சும் என்று யோசியுங்கள். வாரம் தவறாமல் ராம்பில் இறங்கும் வண்டிகளில் துருவேறி இறுகிப்போன ஹேண்ட் பிரேக் கேபிள்களை எத்தனையோ முறை மாற்றியிருக்கிறேன்.

"ஆட்டோமேட்டிக்கில் 'பி' போட்டுவிட்டேனே" என்பார்கள். 'பி' என்ற நிறுத்த நிலை சக்கரத்தை நேரடியாகப் பூட்டுவதில்லை, கியர்பாக்ஸைப் பூட்டுகிறது. இடையில் டிஃபரன்ஷியல் இருக்கிறது, இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு அது. ஒரு சக்கரம் பாசியிலும் மற்றது நல்ல தரையிலும் நின்றால், ஒன்று முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் சுழல அது இடம் கொடுத்துவிடும்.

இதைவிட மோசமான ஒன்றை என் வாடிக்கையாளர் ஒருவரிடம் பார்த்தேன். ராம்பில் நல்ல பிடி கிடைக்கட்டும் என்று ஃபோர் வீல் டிரைவ் லீவரை 4எச்சிலிருந்து (வேக நிலை) 4எல்லுக்கு (மெதுவான, இழுவை கூடிய நிலை) மாற்றியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவே நியூட்ரல் உண்டு. லீவர் அதிலேயே நின்றுவிட்டது. அந்த நிலையில் கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே இல்லை, 'பி' வெறும் எழுத்து. வண்டியை விட்டு இறங்கிப் படகின் கயிற்றை அவர் அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, தேய்ந்துபோன ஹேண்ட் பிரேக் கைவிட்டது. டிரெய்லர் முதலில், வண்டி அதன்பின். நல்லவேளையாக உள்ளே யாரும் இல்லை, அவரும் பக்கவாட்டில் நின்றிருந்தார். கதவின் அடிவிளிம்புக்கு மேல் உப்புநீர் ஏறிய வண்டி இங்கே மறுபடி சாலைக்கு வர முடியாது, உதிரிபாகத்துக்குத்தான். நேரமும் முக்கியமில்லை, ஒரு நிமிடம் மூழ்கினாலும் அதே தீர்ப்பு. ஆகவே லீவரை மாற்றுவதை மேலே சமதரையில் செய்யுங்கள். வண்டி அசைகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

உள்ளே ஆள் இருக்கும்போது வண்டி போய்விட்டால்? கார் உடனே மூழ்காது. பொதுவாக அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் மிதக்கும். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், கார்களை ஆட்களோடு நீரில் இறக்கிப் பலமுறை சோதித்துச் சொல்லும் வரிசை இது: சீட் பெல்ட்டைக் கழற்று, சன்னலை இறக்கு, குழந்தைகளை வெளியே அனுப்பு, நீயும் வெளியேறு. குழந்தைகளில் மூத்தது முதலில், ஏனென்றால் அது வெளியே தானாகப் பற்றிக்கொள்ளும். போனை எடுக்காதீர்கள். கதவோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒரு மீட்டர் அகலக் கதவின்மீது அரை மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றாலே 125 கிலோ எடை வெளியிலிருந்து அழுத்தும். நீர்மட்டம் சன்னலைத் தாண்டினால் சன்னலும் இறங்க மறுக்கும்.

அந்த வாடிக்கையாளர் சில மாதங்களில் வேறொரு வண்டியோடு வந்தார். கண்ணாடி உடைக்கும் சிறு சுத்தியல் ஒன்றை டாஷ்போர்டில் மாட்டியிருந்தார். பக்கக் கண்ணாடியின் மூலையில் பொறித்திருந்த எழுத்தை அவருக்குக் காட்டினேன்: லாமினேட்டட். இரு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த வகை அது. 2019இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ ஆறு உடைப்புக் கருவிகளைச் சோதித்தது. இவ்வகைக் கண்ணாடியில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

இப்போதெல்லாம் அவர் ராம்பின் உச்சியிலேயே நான்கு சன்னல்களையும் இறக்கிவிட்டு, பெல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் பின்னோக்கி வருகிறார். மனைவியையும் பிள்ளைகளையும் அதற்கு முன்பே கரையில் இறக்கிவிடுகிறார். ஜூலைக் குளிரில் எங்களை நிற்க வைக்கிறாரே என்று அந்த அம்மா என்னைத்தான் திட்டுகிறார்.