டீசல் மூடிக்குப் பக்கத்தில் ஒரு நீல மூடி

2021 டிசம்பர். மெல்பர்னின் மேற்குப் பக்கம் எங்கள் லாரி யார்டில் ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தொட்டிகள் இரண்டு நின்றன. ஒன்று காலி. இன்னொன்றில் பாதிக்கும் கீழே. டீசல் தொட்டிகள் இல்லை அவை. டீசல் தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. தீர்ந்துகொண்டிருந்தது ஆட்புளூ.

லாரி ஓட்டாதவர்களுக்குச் சொல்கிறேன். புது லாரிகளில் டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு நீல மூடி இருக்கும். அதில் ஊற்றுவதுதான் ஆட்புளூ. 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர், அவ்வளவுதான். புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க அது வேண்டும். அது தீர்ந்தால் எஞ்சினே தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். டேங்க் நிறைய டீசல் இருந்தும் வண்டி வேலைக்கு ஆகாது.

எங்களிடம் ஓட்டுநராக இருந்த ஒரு அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். அந்தத் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது முடிஞ்சால் லொறி ஓடாது, என்ன?" என்றார். ஆமாம் அண்ணா என்றேன். "எங்களுக்கு இது புதுசில்லை. தொண்ணூறுகளில எண்ணெய்த் தடை. மோட்டார் சைக்கிளுக்குச் சொட்டுப் பெட்ரோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில ஓடினனாங்கள். ஜாம் போத்தல் விளக்கிலதான் பிள்ளையள் படிச்சதுகள்." சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். முற்றுகை என்ற சொல்லுக்கு அவரிடம் ஒரு உடம்பு இருந்தது. எனக்கு அது அன்றுவரை பாடப்புத்தகச் சொல்.

நான் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். ஒரே சப்ளையரை நம்பாதே என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அதைச் சரியாகவே செய்திருந்தோம்: ஆட்புளூவுக்கு மூன்று சப்ளையர்கள், மூன்று ஒப்பந்தங்கள். அந்த வாரம் மூவரையும் கூப்பிட்டேன். மூவரும் ஒரே பதில் சொன்னார்கள். கொஞ்சம் துருவிக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, மூவருக்கும் யூரியா வந்த வழி ஒன்றே: சீனா. என் பட்டியலில் மூன்று பெயர்கள் இருந்தன, மூலம் ஒன்றுதான் இருந்தது.

சீனா அப்போது ஆஸ்திரேலியாவைத் தண்டிக்க நினைத்து யூரியா ஏற்றுமதியை இறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிலக்கரி விலை ஏறியது, அங்கே யூரியா பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருகிறது, தங்கள் விவசாயிகளுக்கு உரம் வேண்டும். 2021 அக்டோபரில் ஏற்றுமதிக்கு முன் கட்டாயச் சோதனை என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஒரு சுங்க விதி, அவ்வளவே. தென் கொரியா முதலில் மாட்டிக்கொண்டது. நவம்பரில் அந்த நாடு தன் விமானப்படையின் எரிபொருள் நிரப்பும் விமானத்தை அனுப்பி 27,000 லிட்டர் யூரியாக் கரைசலைத் தூக்கிச் சென்றது. எங்கிருந்து தெரியுமா? ஆஸ்திரேலியாவிலிருந்து. அடுத்த மாதமே நாங்கள் காலித் தொட்டியைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அரசாங்கம் நேரடியாக இறங்கியது. பிரிஸ்பேனின் கிப்சன் தீவில் இன்சிடெக் பிவட் நிறுவனத்தின் யூரியா ஆலை இருந்தது. உற்பத்தியைக் கூட்ட 29.4 மில்லியன் டாலர் வரை உதவி அறிவித்தார்கள், இந்தோனேசியாவும் யூரியா தந்தது, நெருக்கடி தணிந்தது. ஆனால் அதே ஆலை, யூரியா செய்யத் தேவையான எரிவாயு கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கவில்லை என்பதால், 2022 இறுதியில் யூரியா உற்பத்தியை நிறுத்தப்போகிறோம் என்று உதவி அறிவிப்புக்கு முந்தைய மாதம்தான் சொல்லியிருந்தது. சொன்னபடி நிறுத்தியும் விட்டது. திரவ இயற்கை எரிவாயு ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாட்டில் நடந்தது இது. எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம்.

நடுத்தர வல்லமை கொண்ட நாடு என்றால் என்ன என்று கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அமெரிக்காவும் சீனாவும் தங்கள் ஆலைகளுக்கு உத்தரவு போட முடியும், மற்றவர்கள் மேல் விதியைத் திணிக்க முடியும். சிங்கப்பூர் மாதிரிச் சின்ன நாடு தன் பலவீனம் தெரிந்து அரிசி இறக்குமதியாளர்களைச் சட்டப்படி இருப்பு வைக்கச் சொல்கிறது. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் சிக்கல். நிலமும் சுரங்கமும் பணமும் இருப்பதால் எல்லாம் இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. உலகிலேயே அதிகமாக லித்தியம் தோண்டும் நாடு ஆஸ்திரேலியா. தோண்டியதில் பெரும்பகுதி பதப்படுத்தப்படுவது சீனாவில்.

எரிபொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000-இல் இங்கே எட்டு சுத்திகரிப்பு ஆலைகள் இருந்தன. 2021-இல் குவினானாவும் ஆல்டோனாவும் மூடிய பிறகு மீதி இரண்டு: பிரிஸ்பேனின் லிட்டன், விக்டோரியாவின் ஜீலாங். சர்வதேச எரிசக்தி முகமையின் உறுப்பு நாடுகள் 90 நாள் நிகர இறக்குமதிக்கு ஈடான எண்ணெய் இருப்பு வைக்க வேண்டும். 2012-இலிருந்து ஆஸ்திரேலியா அந்த வரம்பை எட்டவில்லை. 2023 ஜூலையிலிருந்து எரிபொருள் நிறுவனங்கள் குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்திருக்கிறது. நல்ல ஆரம்பம். ஆனால் டீசல் தென் கொரியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறது என்று நிம்மதி அடைபவர்களிடம் நான் கேட்பது: அவர்களுக்குக் கச்சா எண்ணெய் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து, ஹோர்முஸ் நீரிணை வழியாக. என் மூன்று சப்ளையர் கதை நாட்டு அளவில் நடக்கிறது.

வேண்டுமென்றே கழுத்தைப் பிடிப்பதும் உண்டு. 2020-இல் கொரோனாவின் மூலம் பற்றி ஆஸ்திரேலியா விசாரணை கேட்டது. மே மாதமே பார்லிக்கு 80.5 சதவீத வரி போட்டது சீனா. அப்புறம் ஒயின், நிலக்கரி என்று வரிசையாக. பார்லி பிழைத்தது. அது மொத்தச் சரக்கு, சவுதி அரேபியா போன்ற வேறு வாசல்கள் திறந்தன. ஒயினுக்கு அது முடியவில்லை. ஒரே சந்தையில் பெயரை வளர்த்தவர்கள் வரி நீங்கும் 2024 மார்ச் வரை காத்திருந்தார்கள், சிலரால் காத்திருக்க முடியவில்லை. வாங்கும்போது மட்டுமில்லை, விற்கும்போதும் ஒரே வாசல் ஆபத்துதான்.

இதைப் பொறுமையாகக் கையாண்ட நாடு ஜப்பான். 2010-இல் சீனாவுடன் கடல் எல்லைத் தகராறு வந்தபோது மோட்டார் காந்தங்களுக்கு வேண்டிய அரிய மண் தாதுக்களின் வரத்து தடைபட்டது. அடுத்த ஆண்டே ஜப்பானிய அரசு முகமையும் சோஜிட்ஸ் நிறுவனமும் சேர்ந்து அந்தத் தாதுக்களைத் தோண்டும் ஆஸ்திரேலியாவின் லைனஸ் நிறுவனத்துக்கு 250 மில்லியன் அமெரிக்க டாலர் நிதி கொடுத்தன. பின்னால் தாது விலை சரிந்து லைனஸ் தள்ளாடியபோது கடன் தவணையைத் தளர்த்தினார்களே தவிரக் கைவிடவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுன்ட் வெல்டில் தோண்டி, மலேசியாவின் குவாந்தானில் பிரித்தெடுக்கும் அந்த வழி இன்றும் ஓடுகிறது. பின்லாந்து இன்னும் எளிமையாகச் செய்கிறது. எரிபொருளிலும் மின்சாரத்திலும் ஒரு சின்ன வரி, அதிலிருந்து தானியமும் எரிபொருளும் நிரந்தரக் கையிருப்பு. பனிப்போர் முடிந்ததும் பல நாடுகள் கிடங்குகளைக் காலி செய்தன, அவர்கள் செய்யவில்லை.

பிரிட்டனோடும் அமெரிக்காவோடும் ஆஸ்திரேலியா செய்துகொண்ட ஆக்கஸ் ஒப்பந்தத்தின் நீர்மூழ்கிகளுக்கு 2050-களின் நடுப்பகுதி வரை 268 முதல் 368 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அது வேண்டுமா என்று சொல்ல நான் ஆளில்லை. ஆனால் 2024-இல் இந்த நாட்டு மருத்துவமனைகள் சலைனுக்குத் திண்டாடின. உப்பும் தண்ணீரும்! உள்ளூரில் செய்வது மேற்கு சிட்னியில் ஒரே ஒரு ஆலை. பாதுகாப்பு பற்றிப் பேசும் மேடைகளில் இந்தச் சலைன் பைக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

கொள்முதலில் இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று. உங்கள் சப்ளையரின் சப்ளையர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். "வணிக ரகசியம்" என்பார்கள். சரி, பெயர் வேண்டாம், எந்த நாடு, எந்தத் துறைமுகம் என்றாவது சொல்லச் சொல்லுங்கள். நான் இப்போது ஒப்பந்தத்திலேயே அந்த வரியைச் சேர்க்கிறேன். கூடுதல் இருப்பு வைக்கும் அனுமதியை மேலாளரிடம் போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது. சரக்கு சும்மா கிடந்தால் பணம் முடங்குகிறது என்பதுதான் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கப்பட்டது. லாரிகள் ஒரு வாரம் நின்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை.

இப்போது யார்டில் ஆறு தொட்டிகள் நிற்கின்றன. வெயிலில் வைத்தால் ஆட்புளூ சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதால் அவற்றுக்கென்று ஒரு கொட்டகை போட்டோம். ஒவ்வொன்றிலும் வந்த தேதி ஒட்டியிருக்கிறது. பழையதை முதலில் எடுக்க வேண்டும், அரைத் தொட்டி இறங்கினாலே அடுத்ததற்கு ஆர்டர் போக வேண்டும். மாதாமாதம் அந்தத் தேதிகளைச் சரிபார்ப்பது என் வேலை.