பெருஞ்சிரை வடிகட்டி

மருத்துவமனைத் தாளில் 'ஐ.வி.சி. ஃபில்டர்' என்று இருக்கும். தமிழில் கீழ்ப்பெருஞ்சிரை வடிகட்டி. கீழுடலின் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோவது கீழ்ப்பெருஞ்சிரை. சிறுநீரகச் சிரைகள் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, அதற்குள் வைக்கும் கம்பிக்கூம்பு இது. காலில் உறைந்த இரத்தக்கட்டி பிய்த்துக்கொண்டு மேலேறினால், நுரையீரலை எட்டுமுன் பிடித்துக்கொள்ளும். இரத்த உறைவுத் தடுப்பு மருந்து கொடுக்க முடியாதவர்களுக்கே முதன்மையாக இதை வைக்கிறார்கள்.

'ஐ.வி.சி.' என்பது 'இன்ஃபீரியர் வேனா காவா'வின் சுருக்கம். இலத்தீனில் 'வேனா' சிரை. 'காவா' உள்ளே குடைவானது. கிரேக்கர்கள் 'கொய்லே ஃப்லெப்ஸ்' என்றதன் நேர்ப்பெயர்ப்பு. எந்தச் சிரைதான் குடைவில்லாதது? தமிழ் அளவைப் பார்த்துப் பெருஞ்சிரை என்றது, அதுவே தெளிவு. கட்டி நகர்ந்து போய் இரத்தக்குழாயை அடைப்பது 'எம்பாலிசம்'. அதன் வேர் 'எம்பொலோஸ்', அதாவது ஆப்பு, அடைப்பான். ஆகவே தக்கையடைப்பு என்ற தமிழ்ச்சொல் அச்சாகப் பொருந்துகிறது.

'ஃபில்டர்' இடைக்கால இலத்தீன் 'ஃபில்ட்ரும்' என்பதிலிருந்து வந்தது: மயிரை அழுத்திச் செய்த, திரவம் வடிக்கும் துணி. வடிகட்டி சரியான சொல்தான், ஆனால் ஒரு எச்சரிக்கை தேவை. டீ வடிகட்டியைத் தட்டிக் கொட்டலாம். இதைக் கொட்ட முடியாது. சிக்கிய கட்டியை உடலே கரைக்க வேண்டும். கரையாமல் சேர்ந்தால் பெருஞ்சிரையே அடைத்து இரண்டு கால்களும் வீங்கும். 1973இல் வந்த கிரீன்ஃபீல்டு வடிகட்டி கூம்பானதற்குக் காரணம் இதுதான்: கட்டி நடுவில், நுனியில் தங்கும், இரத்தம் ஓரமாக ஓடும். உயரத்தில் 70% நிரம்பினாலும் குறுக்குப்பரப்பில் பாதி திறந்திருக்கும்.

கட்டி உருவாவதை இது தடுக்காது. 400 பேரை வைத்து பிரான்சில் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுக்குள் ஆழ்சிரை உறைவு (ஆழத்தில் உள்ள சிரையில் இரத்தம் கட்டுவது) திரும்ப வந்தது வடிகட்டி வைத்தவர்களில் 20.8%, வைக்காதவர்களில் 11.6%.

மற்றச் சிக்கல்கள் கம்பியால் வருபவை. நழுவாமலிருக்க வடிகட்டியின் கம்பிக்கால்கள் வெளிப்பக்கம் அழுத்திக்கொண்டே இருக்கும்; சிரைச்சுவரோ மெல்லியது, மூச்சுக்கு மூச்சு விரிந்து சுருங்குவது. நாளடைவில் கம்பிக்கால் சுவரைத் துளைத்து முன்சிறுகுடலையோ பெருந்தமனியையோ முதுகெலும்பையோ தொடும். 3 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே நீண்டால் துளைப்பு என்றும், 2 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் இடப்பெயர்வு என்றும் கணக்கிடுவது வழக்கம். வளைந்து வளைந்து கம்பி ஒடிந்தால் துண்டு இதயத்துக்குப் போகலாம்.

'ஸ்டென்ட் மாதிரி, அப்படியே இருக்கட்டும்' என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. எடுக்கத்தக்க வகையைக் கழுத்துச்சிரை வழியாகச் சுருக்குக்கம்பி செலுத்தி, நுனிக்கொக்கியைப் பிடித்து, உறைக்குள் இழுத்து எடுப்பார்கள். கூம்பு சாய்ந்து கொக்கி சுவரில் புதைந்துவிட்டால் இது எளிதில் நடக்காது. தக்கையடைப்பு அபாயம் நீங்கியிருந்தால், வைத்த 29 முதல் 54 நாளுக்குள் எடுப்பதே மேல் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கணிப்பு. வகையும் எடுக்கவேண்டிய தேதியும் டிஸ்சார்ஜ் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எப்போதாவது கழுத்தில் மையச்சிரைக் குழாய் (மருந்து செலுத்தப் பெரிய சிரைக்குள் விடும் குழாய்) போட நேர்ந்தால், உள்ளே வடிகட்டி இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். குழாயை உள்ளே நடத்தும் வழிகாட்டிக் கம்பியின் வளைந்த முனை வடிகட்டியில் மாட்டிக்கொள்ளலாம்.