கருவி காட்டியது 6.4, கையில் அளந்தது 11

வீடுகளில் பவளத்தொட்டிகளைப் பராமரிப்பது என் வேலை. போன கத்திரி வெயிலில் மேற்கு மாம்பலத்திலிருந்து ஓர் அழைப்பு. உயிருள்ள பவளங்கள் வளரும் கடல்நீர்த் தொட்டியில் லெதர் எனும் மென்பவளங்கள் சுருங்கிக் கிடக்கின்றன, இரண்டு நாளாக விரியவே இல்லை என்றார் வீட்டுக்காரர். நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார். "தண்ணீரைத் தானே சோதிக்கும் கருவி இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் போனேன் சார்" என்றார்.

கருவியின் திரையில் காரத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டின் அளவு, 6.4 dKH என்றிருந்தது. என் டெஸ்ட் கிட்டில் அளந்தேன்: 11. நம்பாமல் மறுபடியும் அளந்தேன். அதே 11. ஹீட்டரின் மேல் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஆயிரத்துக்கு 38. அது 35 இருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். 300 லிட்டர் தொட்டியில், மின்விசிறிக் காற்றும் வெயிலும் சேர்ந்து, நாளுக்கு ஆறு லிட்டர் ஆவியாகியிருக்கிறது. ஈடுகட்ட நல்ல தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டியில் (சம்ப்) நீர்மட்டம் இறங்க, கருவியின் உறிஞ்சுகுழாய் முனை தண்ணீருக்கு வெளியே வந்து பாதிக் காற்றையும் பாதித் தண்ணீரையும் இழுத்திருக்கிறது. இந்தக் கருவி ஒரு குறிப்பிட்ட அளவு தண்ணீரை எடுத்து, அதில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டு, எவ்வளவு அமிலம் செலவாகிறது என்று பார்த்துக் காரத்தன்மையைக் கணக்கிடுகிறது. தண்ணீர் குறைந்தால் அமிலமும் குறைவாகவே செலவாகும்; காரத்தன்மை குறைந்துவிட்டதாகக் கருவி சொல்லும். அந்தச் சொல்லை நம்பி, கருவியோடு இணைந்த டோசிங் பம்ப் நான்கு நாளும் காரத்தன்மையைக் கூட்டும் கரைசலை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. உண்மையில் முதலில் கெட்டது உப்பின் அளவு. அதை அளக்கும் வசதி அந்தக் கருவியில் இல்லை.

கருவி மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. கல் பவளங்கள் நிறைந்த தொட்டியில் அதன் அருமை தெரியும். அவை எலும்புக்கூடு கட்டக் கால்சியத்தையும் கார்பனேட்டையும் இழுத்துக்கொண்டே இருக்கும். நெருக்கமாக வளர்ந்த தொட்டியில் காரத்தன்மை ஒரே நாளில் 1 அல்லது 2 இறங்கிவிடும். நாளுக்கு நான்கு முறை மனிதர் உட்கார்ந்து அளக்க முடியாது, கருவி அளக்கும். ஆராய்ச்சிக்கூடத்துக்கும் பெரிய காட்சியகத்துக்கும் அது தேவைதான்.

ஆனால் நம் நாட்டில் கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் எஞ்சியிருப்பதைக் காப்பாற்ற அந்தச் சட்டம் வேண்டும். யாராவது ரகசியமாக விற்க வந்தால் வாங்காதீர்கள். நான் பராமரிக்கும் வீட்டுத் தொட்டிகளில் இருப்பவை காளான் பவளம், சோவாந்தஸ், லெதர் போன்ற மென்பவளங்கள். அவை கால்சியத்தை மிகக் குறைவாகவே எடுக்கும். வாரம் ஒருமுறை அளந்தாலே போதும். அதற்கு ஐந்து மில்லி தண்ணீரும் பத்து நிமிடமும் ஆகும். பல பத்தாயிரம் கொடுத்துக் கருவி வாங்கி, அதற்கு இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை ரசாயனமும் வாங்கி, அசையாத ஒரு எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன பயன்?

சென்னையில் தொட்டிகளைக் கொல்பவை வேறு. மே மாத வெப்பம், மின்தடை, ஆவியாகும் தண்ணீர். புயல் இரவில் மின்சாரம் போனால் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அப்போது பேட்டரியில் ஓடும் ஒரு சிறு காற்றுப் பம்ப் செய்யும் உதவியை எந்தச் சோதனைக் கருவியும் செய்யாது. போர் தண்ணீரை நேரே ஊற்றுகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன், மனம் பதறுகிறது. ஆர்.ஓ. வடிகட்டி, நீர்மட்டத்தைத் தானே நிரப்பும் அமைப்பு, நல்ல தெர்மோமீட்டர், ரிஃப்ராக்டோமீட்டர், தண்ணீரைச் சுழற்றும் வேவ்மேக்கர் மின்தடையிலும் ஓட பேட்டரி. பணம் முதலில் இங்கே போகட்டும்.

ஏற்கெனவே கருவி வாங்கிவிட்டவர்கள் மாதம் ஒருமுறை கையாலும் அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் 0.5க்கு மேல் போனால் குழாய், கருவிக்குள் பி.எச். அளக்கும் முனை, ரசாயனம் மூன்றையும் பாருங்கள். குழாய் முனை நீர்மட்டம் எவ்வளவு இறங்கினாலும் மூழ்கியே இருக்கும் ஆழத்தில் இருக்கட்டும். ஊருக்குப் போகும்போது டோசிங் பம்பைக் கருவியின் சொல்லுக்கு ஆடவிடாதீர்கள். வழக்கமான அளவை நிலையாக வைத்து, பக்கத்து வீட்டாரிடம் தண்ணீர் நிரப்பச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். மேற்கு மாம்பலத்துக்காரர் இப்போது அப்படித்தான் செய்கிறார். அவருடைய லெதர் பவளங்கள் மறுபடி விரிய மூன்று வாரம் ஆயிற்று.