சொல் விளக்கம்: சிங்க் (ஒத்திசைவு)

சேலத்துக் கைப்பேசிக் கடைகளில் 'பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று எழுதி ஒட்டியிருந்த காலம் ஒன்று உண்டு. மெமரி கார்டைக் கொடுத்தால் கடைக்காரர் தன் கணினியிலிருந்து பாட்டுகளை ஏற்றிக் கொடுப்பார். அதற்கும் முன்பு, கேசட் காலத்தில், அதையே 'பாட்டு பதிவது' என்றோம். ஏற்றுவது, பதிவது இரண்டும் யாருக்கும் விளங்கும் சொற்கள். இங்கே இருக்கிற பாட்டு அங்கேயும் போகும். இங்கே இருந்தது இங்கேயே இருக்கும். இன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது 'சிங்க்'. 'போனை சிங்க் போட்டுட்டேன், பாட்டெல்லாம் பத்திரமா இருக்கு' என்று சொல்பவரின் மனத்தில் இருப்பது ஏற்றுதல் என்ற பழைய பொருள்தான். கருவி செய்வது வேறு வேலை. வருடக்கணக்கில் சேர்த்த பாட்டுத் தொகுப்புகள் இந்த ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதால் காணாமல் போவதைப் பார்க்கையில் மனம் பொறுக்கவில்லை. அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

'சிங்க்' என்பது 'சிங்க்ரனைஸ்' என்ற ஆங்கில வினையின் சுருக்கம். வேர் கிரேக்கம். 'சுன்' என்றால் உடன். 'க்ரோனோஸ்' என்றால் காலம். மூன்றாம் வேற்றுமைக்கு உடனிகழ்ச்சிப் பொருள் என்று நம் இலக்கணம் சொல்லும் அந்த 'உடன்'தான் இது. ஆக மூலப்பொருள் 'உடன்காலம்': இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நிகழ்தல். இந்தப் பொருளில் அழித்தல் என்ற பேச்சே இல்லை. படியெடுத்தல் என்ற பேச்சும் இல்லை.

சுருக்கமான 'சிங்க்' மக்கள் வாயில் நிலைத்தது பேசும்படத்தால். படம் ஒரு சுருளிலும் ஒலி இன்னொரு சுருளிலும் பதிவாகும். இரண்டையும் பிறகு ஒன்றுக்கொன்று நேராக வைத்துப் பொருத்தவேண்டும். கிளாப் பலகையைத் தட்டுவது இதற்காகத்தான்: பலகை மூடுவது படத்தில் தெரியும் கட்டத்தையும், 'டக்' என்ற சத்தம் விழும் இடத்தையும் ஒன்றாக்கினால் மீதியெல்லாம் தானாகப் பொருந்திவிடும். சேலத்துக்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில்தான் இருந்தது. அதன் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. 1938-ல் வந்த முதல் மலையாளப் பேசும்படத்தைத் தயாரித்தவர்களும் இவர்கள்தான். ஏற்காட்டுக்குப் போகிற பேருந்திலிருந்து அந்த வளைவைப் பார்ப்பவர்கள், பாட்டுக்கு வாயசைப்பைப் பொருத்தும் வேலை அந்த மதிலுக்குள் எத்தனை படங்களுக்கு நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

இந்தச் சினிமாப் பொருளில் ஒன்றைக் கவனியுங்கள். படச்சுருளும் ஒலிச்சுருளும் சிங்க் ஆனபின்னும் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று மற்றொன்றைத் திருத்துவதில்லை.

கணினிக்கு வந்தபோதுதான் சொல்லின் பொருள் திசைமாறியது. 1996-ல் வந்த பைலட் (பின்னாளில் பாம் பைலட்) என்ற கையடக்கக் கருவியைச் செருகிவைக்கும் தாங்கியில் 'ஹாட்சிங்க்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் கருவியின் முகவரிகளும் மேசைக் கணினியின் முகவரிகளும் ஒன்றுபோல் ஆகும். 2001-ல் ஐடியூன்ஸும் ஐபாடும் வந்து இதையே பாட்டுக்குப் பழக்கின. ஐபாட் ஒரு கணினியின் தொகுப்போடு கட்டப்பட்டிருக்கும். வேறொரு கணினியில் செருகித் தானியங்கி சிங்கை ஒப்புக்கொண்டால், அதில் இருந்ததை அழித்துவிட்டுப் புதிய கணினியில் இருப்பதை ஏற்றிவிடும். ஒரே நேரத்தில் நிகழ்தல் என்ற பொருள் இங்கே 'ஒன்றுபோல் ஆக்குதல்' என்று மாறிவிட்டது. ஒன்றுபோல் ஆக்க இரண்டு வழி: இல்லாததைச் சேர்ப்பது, இருப்பதை நீக்குவது. இரண்டாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

அம்மாபேட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் தெருக்கூத்துப் பாட்டுகளைப் பதிந்து சேர்ப்பவர். சுற்றுவட்டக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் கூத்தைக் கைப்பேசியில் பதிவார். போனில் இடம் நிறைந்துவிட்டது என்று பழையதை நீக்கினார். மறுநாள் மருமகனிடம் கேட்டார்:

"போன்லதானே அழிச்சேன், கம்ப்யூட்டர்ல இருக்குமில்ல?"

"இல்லீங்க மாமா, ரெண்டும் சிங்க்ல இருக்கு. அங்கயும் போயிருக்கும்."

கருவி பழுதாகவில்லை, கேட்டதைத்தான் செய்தது. இருவழி ஒத்திசைவு செய்யும் செயலி, சென்றமுறை இரண்டு பக்கமும் என்னென்ன இருந்தன என்று ஒரு குறிப்பு வைத்திருக்கும். சென்றமுறை இரண்டிலும் இருந்து, இன்று ஒன்றில் மட்டும் இல்லையென்றால், 'நீக்கிவிட்டார்கள்' என்று அது பொருள்கொள்ளும். சென்றமுறை எதிலும் இல்லாமல் இன்று ஒன்றில் இருந்தால், 'புதிதாக வந்தது' என்று கொள்ளும். மெமரி கார்டு கழன்றுபோய்க் கோப்புறை காலியாகத் தெரிந்தாலும், அசட்டையாக எழுதப்பட்ட செயலி எல்லாவற்றையும் நீக்கிவிட்டதாகவே நினைக்கும். இதைத் தடுக்க சிங்க்திங் போன்ற செயலிகள் கோப்புறைக்குள் ஓர் அடையாளக் குறியை வைத்து, அது தென்படவில்லையென்றால் வேலையை நிறுத்திவிடுகின்றன. சினிமாப் பாட்டு போனால் இன்னொரு இடத்தில் கிடைக்கும். அந்த இரவின் கூத்து எங்கேயும் கிடைக்காது.

இனித் தமிழ்ச்சொல். கைப்பேசிகளின் தமிழ் இடைமுகத்தில் வழங்குவது 'ஒத்திசைவு'. 'ஒத்தியங்கு' என்ற வழக்கும் உண்டு. மூலப்பொருளான உடன்காலத்துக்கு அதுவே நெருக்கம், மின்பொறிகளுக்கு நன்றாகப் பொருந்தும். சிலர் 'ஒருங்கிணைத்தல்' என்று எழுதுகிறார்கள். அது பலவற்றைச் சேர்த்து ஒன்றாக்குவதைக் குறிக்கும் சொல், இங்கே தவறு. ஒலிபெயர்த்து 'சிங்க்' என்றே எழுதினால் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் அதே எழுத்துதான். என் தேர்வு 'ஒத்திசைவு'.

அதற்குக் காரணம் 'இசை' என்ற வேர். இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்குத் தருவது 'இசைவாணை'. குறளில் 'இசைபட வாழ்தல்' என்னும்போது அது புகழ். சுரங்கள் ஒன்றோடொன்று பொருந்தி நின்றால் அதுவும் இசை. பாட்டுத் தொகுப்பைப் பற்றிப் பேச இதைவிடத் தகுந்த வேர் கிடைக்காது. இன்னொரு வசதி: ஆங்கிலத்தில் கருவிகள் தாமாகச் செய்வதற்கும் நாம் செய்விப்பதற்கும் ஒரே வினை. தமிழில் தன்வினையும் பிறவினையும் பிரிந்து நிற்கும். 'போனும் கணினியும் ஒத்திசைகின்றன' என்றால் தாமாக நடக்கிறது. 'நான் ஒத்திசைக்கிறேன்' என்றால் என் கை இருக்கிறது. தானாக நடப்பது எது, நாம் சொல்லி நடப்பது எது என்ற தெளிவுதான் தொகுப்பைக் காக்க முதலில் வேண்டியது.

இசைவு என்பது உடன்பாடு என்றேனே, உடன்பாடு வராத இடங்களும் நிறைய. தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகளுக்கு இது தனித் தொல்லை. 'சேர்வராயன் கோயில் பாட்டு' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைக்கிறோம். 'கோ' என்ற எழுத்தை, எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் யூனிகோடு முறையில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக்குறியை ஒரே குறியீடாகச் சேர்த்து, அல்லது ககரம், இரட்டைக் கொம்பு, கால் என்று பிரித்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேக் கணினிகளின் பழைய ஹெச்எஃப்எஸ்+ கோப்பமைப்பு, பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸ் கணினிக்கோ குறியீடு வேறென்றால் கோப்பும் வேறு. இரண்டையும் ஒத்திசைக்கும்போது, இதைக் கவனிக்காத செயலியால் ஒரே பாட்டு ஒரே பெயரில் இரண்டாக நிற்கும். 'இரட்டிப்பாக இருக்கிறதே' என்று ஒன்றை நீக்கினால் அடுத்த ஒத்திசைவில் என்ன ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது.

பாட்டுக்குள்ளேயே எழுதப்படும் குறிப்புகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. எம்பி3 கோப்பின் கடைசியில் 128 பைட்டில் பாட்டுப் பெயரும் பாடியவர் பெயரும் வைக்கும் ஐடி3 முறை 1996-ல் வந்தது. அதில் பாட்டின் பெயருக்கு 30 பைட் இடம். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் ஆகும். புள்ளியும் கொம்பும் காலும் தனிக் குறியீடுகள். எண்ணிப் பாருங்கள்: 'சேர்வராயன்' என்ற சொல் மட்டுமே 10 குறியீடு, 30 பைட். கோயிலுக்கு இடமில்லை. அந்த முதல் வடிவம் தமிழை எதிர்பார்த்ததும் இல்லை. பின்னால் வந்த இரண்டாம் வடிவம்தான் யூனிகோடுக்கு இடம் கொடுத்தது. ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பாட்டு கேட்கலாம் என்று பென்டிரைவைச் செருகினால், காரின் திரையில் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிவதற்கு இந்த எழுத்துமுறைக் குழப்பமோ, கருவியில் தமிழ் எழுத்துரு இல்லாததோ காரணம். பாட்டு கெட்டுப்போகவில்லை. அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள்.

பாட்டுப் பட்டியல்கள் உடைவது வேறு கதை. எம்3யு பட்டியலுக்குள் பாட்டு இருக்காது, பாட்டு இருக்கும் முகவரிதான் இருக்கும். விண்டோஸில் 'டி' வட்டிலிருந்து தொடங்கும் முகவரி, கைப்பேசியில் செல்லாது. பட்டியலையும் பாட்டுகளையும் ஒரே கோப்புறைக்குள் வைத்து, பட்டியல் இருக்கும் இடத்திலிருந்தே வழி சொல்லும் சார்பு முகவரியாகச் சேமித்தால் போதும். நட்சத்திர மதிப்பும், எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கும் பெரும்பாலும் செயலியின் தரவுத்தளத்தில்தான் இருக்கும். கோப்பை மட்டும் கொண்டுபோனால் அவை கூட வராது.

காலம் என்ற பழைய பொருளும் இங்கே வேலை செய்கிறது. பல ஒத்திசைவுச் செயலிகள் கோப்பு மாறியதா என்பதை, கடைசியாகத் திருத்திய நேரத்தையும் கோப்பின் அளவையும் வைத்தே முடிவுசெய்கின்றன. பென்டிரைவ்களில் இருக்கும் ஃபேட்32 கோப்பமைப்பு அந்த நேரத்தை 2 விநாடிக் கணக்கில்தான் குறிக்கும். கணினியின் வட்டு அதைவிட நுட்பமாகக் குறிக்கும். அதனால் தொடாத பாட்டுகூட மாறியதாகத் தோன்றி, முழுத் தொகுப்பும் மறுபடி ஏறும். 1996-ல் வந்த ஆர்சிங்க் செயலியில் இந்தச் சிறு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல ஒரு தெரிவு உண்டு.

இரண்டு பக்கமும் ஒரே பாட்டின் குறிப்பைத் திருத்தியிருந்தால்? நல்ல செயலி எதையும் அழிக்காது. ஒன்றுக்கு வேறு பெயரிட்டு இரண்டையும் வைத்துவிட்டு, முடிவை நம்மிடம் விடும். ஒரே நூலின் சுவடிகளில் சொற்கள் இப்படி வேறுபட்டு நிற்பதற்கு, ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் 'பாடபேதம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சேலம் இராமசாமி முதலியார் 1880-ல் கும்பகோணத்தில் உ.வே.சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டு, பிரதி ஒன்றையும் கொடுத்தார். ஐயர் அதோடு நிற்கவில்லை. ஊர் ஊராகப் போய் மற்றச் சுவடிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887-ல் பதிப்பித்தார். எல்லாச் சுவடிகளும் ஒன்றுபோல் திருத்தப்பட்டிருந்தால் ஒப்பிட எதுவும் இருந்திருக்காது. தனித்தனி ஊரில், தனித்தனிக் கையில், ஒன்றின் பிழை இன்னொன்றுக்குப் பரவாமல் இருந்ததால்தான் நூல் நமக்குக் கிடைத்தது.

இதனால்தான் 'பேக்கப்' என்பதை ஒத்திசைவோடு சேர்க்கக்கூடாது என்கிறேன். அதற்குக் 'காப்புநகல்' என்ற சொல் வழங்குகிறது. 'காப்புப்படி' இன்னும் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் படியெடுத்தல் நம் பழைய தொழில்சொல். காப்புப்படிக்கு மூலத்தில் நடந்த நீக்கம் தெரியக்கூடாது. படிகள் மூன்று, அவை இரண்டு வகைச் சாதனத்தில், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்பது தரவு காப்போர் சொல்லும் 3-2-1 கணக்கு. சேலத்தில் வீடும் ஏற்காட்டில் உறவும் உள்ளவர்களுக்கு இது சுலபம். ஒரு வட்டை மேலே கொடுத்து வைக்கலாம். மலையின் ஈரத்தில் கேசட் நாடாக்களில் பூஞ்சை படியும். வட்டையும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பது நல்லது. இணையச் சேமிப்பை மட்டும் நம்பவும் முடியாது. கூகுள் பிளே மியூசிக் 2020 டிசம்பரில் மூடப்பட்டது. அதற்குள் தங்கள் பாட்டுகளை வேறிடம் மாற்றிக்கொள்ளாதவர்களின் தொகுப்புகள் 2021 பிப்ரவரியில் நீக்கப்பட்டன.

வழக்கில் இந்தச் சொற்களை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சேர்ப்பது மட்டும் நடந்து, எதுவும் நீங்காது என்றால் அதற்கு 'ஏற்றுதல்' இருக்கிறது; கடைவீதியில் பிறந்த அந்தச் சொல்லை விடவேண்டியதில்லை. மூலம் போலவே மறுபக்கத்தை ஆக்கி, கூடுதலாக இருப்பதை நீக்குவது 'ஒருவழி ஒத்திசைவு'. இரு பக்கத்து மாற்றங்களும் இரு பக்கமும் போவது 'இருவழி ஒத்திசைவு'. நீக்கியதை உடனே எறியாமல் சிலகாலம் பழைய வடிவமாக ஒதுக்கிவைக்கும் வசதி பல செயலிகளில் உண்டு. அதைப் 'பழம்படி வைத்தல்' எனலாம். கைப்பேசியைக் கொடுத்து 'சிங்க் போட்டுக் குடுங்க' என்று கேட்கும்போது, இவற்றில் எது வேண்டும் என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டால் அவர் வேலை தெரிந்தவர்.