எல்லைக்கல்லா, மைல்கல்லா?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனைச் சுற்றி 1791, 1792 ஆகிய ஆண்டுகளில் 40 கற்களை நட்டார்கள். பக்கத்துக்கு 10 மைல் நீளமுள்ள ஒரு சதுரம். அதன் நான்கு மூலைகளிலும், இடையில் மைலுக்கு ஒன்றாகவும் கற்கள். இவற்றைத் தமிழில் என்ன சொல்லி அழைப்பது? மைலுக்கு ஒன்று என்பதால் 'மைல்கல்' என்று எழுதத் தோன்றும். கல்லிலேயே எத்தனையாவது மைல் என்ற எண்ணும் இருப்பதால் அந்த மயக்கம் இன்னும் கூடும். 'எல்லைத்தூண்' என்றும் எழுதலாம்தான். ஆனால் தரைக்கு மேலே இரண்டு, மூன்று அடியே தெரிகிற கல்லைத் தூண் என்பது கொஞ்சம் அதிகம். 'எல்லைக்கல்' என்பதே சரி. பன்மையில் 'எல்லைக்கற்கள்'.

அதற்குக் காரணம் கல்லின் முகங்களிலேயே இருக்கிறது. நகரத்தைப் பார்த்த முகத்தில் 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அதிகார வரம்பு' என்ற பொருளில் ஆங்கில வாசகம். எதிர்முகத்தில் பக்கத்து மாநிலத்தின் பெயர், வர்ஜீனியா அல்லது மேரிலாந்து. மற்ற இரண்டு முகங்களில் நட்ட ஆண்டும், அந்த இடத்தில் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவும். இந்தப் பக்கம் யாருடையது, அந்தப் பக்கம் யாருடையது என்று சொல்வதுதான் கல்லின் வேலை. மைல் எண் அளந்தவர்களின் கணக்கு, அவ்வளவே.

இனி சொல்லுக்கு வருவோம். 'எல்' என்றால் ஒளி. 'எல்லே இலக்கம்' என்கிறது தொல்காப்பியம். சங்கப் பாட்டில் 'எல்லை' என்பது பகலையும் குறிக்கும். 'எல்லை கழிய முல்லை மலர' என்று குறுந்தொகை சொல்லும்போது கழிவது பகல். நில எல்லை அல்ல. அதே காலத்துப் புறநானூற்றில் 'குணகுட கடலா எல்லை' என்று நாட்டின் வரம்பாகவும் வருகிறது. பகல் என்ற பொருளை நாம் தொலைத்துவிட்டோம். வரம்பு மட்டும் கையில் நின்றது.

எல்லையில் கல் நடும் வழக்கத்துக்கும் நம்மிடம் பழைய சொற்கள் உண்டு. நிலக்கொடை சொல்லும் சோழர் செப்பேடுகளில் 'பிடி சூழ்ந்து பிடாகை நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டி' என்ற தொடரைப் பார்க்கலாம். பெண் யானையை நடத்தி எல்லையைச் சுற்றிவந்து, கல் நட்டு, கள்ளியும் வைத்தார்கள். சிவன் கோயில் நிலம் என்றால் சூலம் பொறித்த சூலக்கல், பெருமாள் கோயில் நிலம் என்றால் சக்கரம் பொறித்த திருவாழிக்கல். எழுத்துத் தெரியாதவனும் பொறியைப் பார்த்தே இது யார் நிலம் என்று புரிந்துகொள்வான். வாஷிங்டன் கற்களோ முழுக்க எழுத்தை நம்பியவை. ('நடுகல்' வேறு, அது போரில் விழுந்த வீரனுக்கு.)

இன்று ஊர்ப்பக்கம் 'சர்வேயர் வந்து கல் ஊன்றிட்டுப் போனார்' என்றால் போதும், என்ன கல் என்று யாரும் கேட்பதில்லை. 'அத்து' என்றொரு சொல்லும் உண்டு. உருதுவின் 'ஹத்' வழியாக வந்தது என்பார்கள். தனியாக இப்போது அதிகம் புழங்குவதில்லை. 'அத்துமீறல்' என்பதில் ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கிறது.

கல்லில் உள்ள ஆங்கிலச் சொல்லுக்கு வருவோம்: ஜூரிஸ்டிக்‌ஷன். லத்தீனில் 'சட்டம்' என்பதும் 'சொல்லுதல்' என்பதும் சேர்ந்தது. சட்டம் சொல்லும் உரிமை. நம் நீதிமன்றத் தமிழில் அதற்கு 'அதிகார வரம்பு'. 'ஆள்வரை' என்றும் எழுதுவார்கள். எனக்கு அது பிடிக்கும், ஆனால் படித்த உடனே புரியாது. 'வரம்பு' வயலில் பிறந்த சொல். இரண்டு பாத்திக்கு நடுவே மண் அணைத்துப் போட்ட வரப்புதான் வரம்பு. கல் நிற்கிற கோட்டை எல்லை என்றும், அதற்கு உள்ளே செல்லுபடியாகும் அதிகாரத்தை வரம்பு என்றும் பிரித்து எழுதினால் குழப்பம் வராது.

வாஷிங்டனில் அந்தப் பிரிவு ரொம்பவே தேவைப்படுகிறது. முதல் கல் 1791 ஏப்ரல் 15 அன்று அலெக்சாண்ட்ரியாவின் ஜோன்ஸ் முனையில் நடப்பட்டது. அளவைக்குத் தலைமை ஆண்ட்ரூ எலிகாட். தொடக்க மாதங்களில் நட்சத்திரங்களைப் பார்த்துக் கணக்கிட உதவியவர் பெஞ்சமின் பேனகர் என்ற கறுப்பின வானியலாளர். ஆனால் 1846-இல் பொடோமாக் ஆற்றுக்குத் தெற்கே இருந்த பகுதியை வர்ஜீனியாவுக்கே திருப்பிக் கொடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் செய்தது. அதனால் 14 கற்கள் வர்ஜீனியாப் பக்கம் போய்விட்டன. அவற்றைத் தாண்டிப் போனாலும் இன்று மாநிலம் மாறுவதில்லை. அப்புறமும் பெரும்பாலானவை நிற்கின்றன. பேனகர் பெயரால் அழைக்கப்படும் கல் அவற்றில் ஒன்று. இரும்பு வேலிக்குள், வர்ஜீனியாவின் இரண்டு ஊர்களுக்கு நடுவே நிற்கிறது.