தரைதட்டிய தராசு

1963 டிசம்பரில் நியூயார்க்கில் தொடங்கிய அமெரிக்க தேசிய செஸ் போட்டியில் 12 பேர் ஆடினார்கள். ஒவ்வொருவரும் மற்ற 11 பேரோடும் ஒரு ஆட்டம். பாபி ஃபிஷர் பதினொன்றையும் ஜெயித்தார். ஒரு டிரா கூட இல்லை. இரண்டாம் இடம் வந்த லாரி எவான்ஸுக்கு ஏழரைப் புள்ளிதான். ராபர்ட் பைர்னுடன் ஃபிஷர் ஆடிய ஆட்டத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. தனி அறையில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த கிராண்ட்மாஸ்டர்கள் பைர்ன்தான் ஜெயிக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்; பைர்னோ தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார்.

பதினொன்றுக்குப் பதினொன்று என்பது எவ்வளவு பெரிய ஆட்டம்? அதை அளக்க ஒரு கருவி அப்போதே இருந்தது. ஹங்கேரியில் பிறந்து, மில்வாக்கியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் எலோவின் ரேட்டிங் முறை; ஆட்டக்காரரின் பலத்தை ஒரு எண்ணாகச் சொல்வது. அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960-லும், உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970-லும் அதை ஏற்றுக்கொண்டன.

ரேட்டிங், உடல் எடை மாதிரி ஒருவரைத் தனியாக நிறுத்தி எடுக்கும் அளவு அல்ல. அது இரண்டு தட்டுத் தராசு. வித்தியாசத்தை மட்டுமே பேசும். 2700-க்கும் 2500-க்கும் நடுவே என்ன எதிர்பார்ப்போ, அதேதான் 1500-க்கும் 1300-க்கும். 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் நூறு ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி எடுப்பார். 400 கூடுதல் என்றால் சுமார் 91. (76 வெற்றி என்று படித்துவிடாதீர்கள், டிராவுக்கான அரைப்புள்ளிகளும் இதில் சேர்த்தி.) எதிர்பார்த்ததற்கும் எடுத்ததற்கும் உள்ள இடைவெளியை ஒரு மாறிலியால் பெருக்கி ரேட்டிங்கில் கூட்டுவார்கள் அல்லது கழிப்பார்கள். மாறிலி 20 என்றால், சமமானவரை ஜெயித்தால் 10 ஏறும். 400 குறைந்தவரை ஜெயித்தால் 2 கூட ஏறாது. அவரிடம் தோற்றாலோ 18 போச்சு.

இதையே திருப்பிப் போட்டால், எதிராளிகளின் சராசரியைவிட ஒருவர் எவ்வளவு மேலே ஆடினார் என்று சொல்லிவிடலாம். எடுத்த புள்ளியை விட்ட புள்ளியால் வகுத்து, 10 அடிமான மடக்கை (log) கண்டு, 400-ஆல் பெருக்க வேண்டும். எவான்ஸுக்கு ஏழரை வகுத்தல் மூன்றரை: சுமார் 132. ஃபிஷர் ஒரு ஆட்டம் தோற்றிருந்தால் 10 வகுத்தல் 1, கச்சிதமாக 400. ஒரே ஒரு டிரா என்றால் சுமார் 529. ஒன்றையும் விடாததால் வகுக்கும் எண் பூஜ்யம். விடை முடிவிலி!

சூத்திரத்தில் கோளாறு இல்லை. ஒரு தட்டு தரைதட்டி நின்றால் சரக்கு கனம் என்று தெரியும், எத்தனை கிலோ என்று தெரியாது. எதிர்த்தட்டில் படிக்கல் போதவில்லை. ஃபிடே இப்படிப்பட்ட முழு வெற்றிக்கு 800 என்று ஒரு எண்ணை எழுதிக்கொள்கிறது. கணிதத்தைவிடக் கணக்குப்பிள்ளையின் சமாளிப்புதான் இதில் தெரிகிறது.

1971-ல் உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றில் ஃபிஷர் தராசை மறுபடி இரண்டு முறை தரைதட்ட வைத்தார். டைமானவை 6-0, அடுத்து லார்சனையும் 6-0. புவனோஸ் ஐரிஸில் பெட்ரோசியனும் முதல் ஆட்டத்தை இழந்தார். ஆனால் இரண்டாவதை ஜெயித்தார். தட்டு எழுந்தது. கடைசியில் ஆறரைக்கு இரண்டரை என்று ஃபிஷர் ஜெயித்தார்: 166 புள்ளி வித்தியாசம்.